மூன்று விரல் உப்பு: ஆபத்து நாளில் அடுக்களை எப்படி இயங்குகிறது?

2015 டிசம்பர் 3. அடையாறு சைதாப்பேட்டைக்குள் புகுந்து இரண்டாம் நாள். எங்கள் குடியிருப்பின் கீழ்வீட்டுக்காரர்கள் எல்லாரும் மாடி வீடுகளில் இருந்தார்கள். கரண்ட் இல்லை, செல்போனில் டவர் இல்லை, பால் பாக்கெட் நூறு ரூபாய். கீழ்வீட்டுப் பையனுக்கு விடிகாலையிலிருந்து வயிற்றால் போய்க்கொண்டிருந்தது. ஆறு வயசு.

யாரோ அலமாரியைக் குடைந்து ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒன்றைக் கண்டெடுத்தார்கள். எல்லாருக்கும் உயிர் வந்தது. முதல் மாடி அக்கா அதைக் கிழித்து எவர்சில்வர் டம்ளரில் முழுசாகக் கொட்டி, தண்ணீர் ஊற்றிக் கலக்க ஆரம்பித்தார்.

“கொஞ்சம் நில்லும்மா” என்றார் மூன்றாம் மாடி மாமி. நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். “கவரைத் திருப்பிப் படி. எவ்வளவு தண்ணிக்குன்னு போட்டிருக்கான்?”

ஒரு லிட்டருக்கு என்று போட்டிருந்தது. டம்ளர் பிடிப்பதோ 200 மில்லி.

“இதைக் குடிச்சா பிள்ளைக்கு இன்னும்தான் போகும்” என்று சொல்லிவிட்டு மாமி ஒரு லிட்டர் பாத்திரம் கேட்டார். அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு மறக்கவே இல்லை. ஒன்பது குடித்தனம். மிக்ஸி, கிரைண்டர், மைக்ரோவேவ், இட்லிக் கொப்பரை எல்லாம் உண்டு. இது ஒரு லிட்டர்தான் என்று அடித்துச் சொல்லக்கூடிய பாத்திரம் ஒன்றுகூட யார் வீட்டிலும் இல்லை. கடைசியில் ஒரு பழைய தண்ணீர் பாட்டிலின் மேல் அச்சடித்திருந்த எழுத்துதான் காப்பாற்றியது.

மாமி சொன்னது ஏன் சரி என்று தெரிந்துகொள்ள மாவடு ஜாடியைப் பார்த்தால் போதும். வடு, கல்லுப்பு, கொஞ்சம் விளக்கெண்ணெய். ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றுவதில்லை. மூன்றாம் நாள் திறந்தால் வடு சுருங்கியிருக்கும், ஜாடி நிறையத் தண்ணீர் விட்டிருக்கும். உப்பு வெளியே அதிகமாக இருந்தால் தோலுக்கு உள்ளே இருக்கிற நீரை இழுத்துக்கொள்ளும். சர்க்கரையும் அதே வேலையைச் செய்யும். டம்ளரில் கலந்த அந்தக் கரைசல் ஐந்து மடங்கு கெட்டி. அது பிள்ளையின் குடலுக்குள் போனால், உடம்பில் மிச்சமிருக்கிற நீரும் குடலுக்குள் இறங்கும். நாம் மருந்து என்று நினைத்துக் கொடுப்பது பிள்ளையை மாவடு ஆக்கும்.

அதற்காக வெறும் தண்ணீர் கொடுத்தால் ஆயிற்றா? அதுவும் ஆகாது. குடல் சுவரில் ஒரு கதவு இருக்கிறது. ரேஷன் கடை மாதிரி. கார்டு மட்டும் கொண்டுபோனால் அரிசி கிடைக்காது, கைரேகையும் விழ வேண்டும். சர்க்கரையும் உப்பும் சேர்ந்து வந்து நின்றால்தான் அந்தக் கதவு திறக்கும். ஒரு குளுக்கோஸ் மூலக்கூறுக்கு இரண்டு சோடியம் என்பது கணக்கு. அவை உள்ளே போனதும் பின்னாலேயே தண்ணீரும் போய்விடும். இரண்டும் ஜோடியாகத்தான் குடல் சுவருக்குள் நுழைகின்றன என்ற கருத்தை ராபர்ட் கிரேன் என்ற உயிர்வேதியியலாளர் 1960இல் பிராக் நகரில் நடந்த ஒரு கூட்டத்தில் முன்வைத்தார்.

காலராவில்கூட இந்தக் கதவு பழுதாவதில்லை என்பதுதான் இதில் பெரிய அதிர்ஷ்டம். மாடித் தொட்டியின் வால்வு போய்த் தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது, ஆனால் மோட்டார் நன்றாக ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வால்வைச் சரிசெய்ய ஆள் வரும்வரை மோட்டாரைப் போட்டுத் தொட்டியை நிரப்பிக்கொண்டே இருக்கலாம். காலரா முற்றினால் வளர்ந்த ஆளுக்கே மணிக்கு ஒரு லிட்டர்வரை நீர் போய்விடும். மோட்டார் அதற்கு ஈடு கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதை ஊர் நம்புவதற்கு ஒரு போர் தேவைப்பட்டது. 1971இல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து அகதிகள் லட்சக்கணக்கில் மேற்கு வங்கத்துக்குள் வந்தார்கள். எல்லையோர ஊரான பன்காவில் காலரா. மருத்துவமனையின் இரண்டு அறைகளிலும் நோயாளிகள் தரையில் கிடந்தார்கள், அவர்களுடைய கழிவிலேயே மண்டியிட்டுத்தான் டாக்டர் திலீப் மஹலானபிஸ் ஊசி ஏற்ற வேண்டியிருந்தது. சலைன் பாட்டில் தீர்ந்துகொண்டே வந்தது. குளுக்கோஸ், சமையல் உப்பு, சோடா உப்பு மூன்றையும் கல்கத்தாவில் எடைபோட்டுப் பொட்டலம் கட்டி வரவழைத்தார். அதைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வைத்த டிரம்களில் வைத்தார்கள். ஊற்றிக் கொடுத்தது யார் என்கிறீர்கள்? நோயாளியின் அம்மா, அண்ணன், மாமியார். முகாமில் 30 சதவீதத்தைத் தொட்ட சாவு, இந்த முறையில் சிகிச்சை பெற்றவர்களிடையே 3.6 சதவீதமாக இறங்கியது.

மருந்து கண்டுபிடித்தாயிற்று, இனி வீட்டுக்கு வீடு பொட்டலம் கொடுத்தால் முடிந்தது என்று யாரும் நினைப்பார்கள். நாமும் இன்றுவரை அப்படித்தான் நினைக்கிறோம். ‘அவசரப் பெட்டி’யில் என்னென்ன இருக்க வேண்டும் என்ற பட்டியல் ஒவ்வொரு மழைக்காலத்திலும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. எனக்கு அந்தப் பட்டியல்கள்மேல் மரியாதை குறைந்து பல வருஷம் ஆகிறது. எங்கள் குடியிருப்பில் பொட்டலம் இருந்தது, அளவு தெரிந்த கைதான் இல்லை.

கையைத் தயார்செய்வது எப்படி என்பதை வங்கதேசத்தில் பார்க்கலாம். அங்கே பிராக் என்ற தொண்டு நிறுவனம் 1980இல் தொடங்கிப் பத்து வருஷம் வீடு வீடாக ஏறியது. ஏறிய வீடுகள் 1.2 கோடிக்கும் மேல். அவர்கள் பொட்டலம் கொடுக்கவில்லை. அங்கே எல்லார் வீட்டிலும் இருப்பது உப்பும் வெல்லமும்தான். அதனால் ‘லொபோன்-குர்’, அதாவது உப்பு-வெல்லம். மூன்று விரலால் அள்ளுகிற ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். சொல்லிக்கொடுக்க வந்த பெண் தானே கலந்து காட்டிவிட்டுப் போய்விட மாட்டாள், வீட்டுத் தாயைக் கலக்கச் சொல்வாள். நம் வீட்டில் ரசம் கற்றுக்கொண்டது அப்படித்தானே? பக்கத்தில் நின்று பார்த்து யாருக்கு ரசம் வந்திருக்கிறது?

அதைவிட எனக்குப் பிடித்தது அவர்கள் சம்பளம் கொடுத்த விதம். எத்தனை வீடு ஏறினாய் என்று கேட்டுக் கூலி கொடுக்கவில்லை. கொஞ்ச நாள் கழித்து வேறொருவர் அதே வீடுகளில் சிலவற்றுக்குப் போய், சொல்லிக்கொடுத்த பத்துக் குறிப்புகளில் எத்தனை நினைவிருக்கிறது என்று அந்தத் தாயிடம் கேட்பார். கலந்து காட்டச் சொல்லி, கலந்ததை ஆய்வுக்கு எடுத்துப் போவார். அதில் வருகிற மதிப்பெண்ணுக்குத்தான் காசு. அப்படியும் ஆரம்பத்தில் ஒரு சறுக்கல். பெண்களுக்குக் கலக்கத் தெரிந்தது, ஆனால் பிள்ளைக்குப் போகும்போது கலக்கவில்லை. விசாரித்தால், சொல்லிக்கொடுக்கப் போன ஊழியர்களுக்கே அதில் முழு நம்பிக்கை இல்லை, தங்களுக்கு வயிறு கெட்டால் மாத்திரையைத் தேடியிருக்கிறார்கள்! வீட்டு ஆண்களிடமும் யாரும் பேசவில்லை. இரண்டையும் திருத்திய பிறகுதான் அது ஊர்ப் பழக்கமாயிற்று.

நம் வீட்டுக்கு அளவு என்ன? பொட்டலம் இருந்தால் பொட்டலம்தான் முதல். பின்பக்கத்தைப் படித்துவிட்டுக் கிழியுங்கள். 20 கிராமுக்குச் சற்று அதிகமாக இருக்கிற பெரிய பொட்டலம் ஒரு லிட்டருக்கு, நாலு கிராம் சொச்சமுள்ள சின்னது 200 மில்லிக்கு. இரண்டுமே நம் மருந்துக்கடையில் கிடைக்கும், குழப்பமே அங்கேதான். பொட்டலம் இல்லாத ராத்திரிக்கு: காய்ச்சி ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர், தலைதட்டிய டீஸ்பூனால் சர்க்கரை ஆறு, உப்பு அரை. தூள் உப்பு என்பதைக் கவனிக்கவும். கல்லுப்பு ஸ்பூனில் இடைவெளி விட்டு உட்காரும், அளவு பிசகும். கலந்ததும் நாக்கில் வைத்துப் பாருங்கள். கண்ணீரைவிட அதிகமாகக் கரித்தால் கொட்டிவிட்டு மறுபடி கலக்குங்கள். ‘கொஞ்சம் தூக்கலாக இருக்கட்டும்’ என்கிற நம் சமையல் புத்தி இங்கே உதவாது. உலக சுகாதார நிறுவனமே 2002இல் தன் பழைய கரைசலின் உப்பையும் சர்க்கரையையும் குறைத்தது. நீர்த்த கரைசலில்தான் பேதியும் வாந்தியும் குறைந்தன, ஊசி ஏற்றும் தேவையும் குறைந்தது.

டெட்ரா பாக்கெட்டில் வருகிற இனிப்புப் பானங்கள் இந்த வேலைக்கு ஆகாது. அவற்றின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளைப் போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவு போட்டது. பழைய ஞாபகத்தில் அதையே கேட்டு வாங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கொடுக்கும் முறையும் உண்டு. ஸ்பூன் ஸ்பூனாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் விட்டு மறுபடி. தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது, சாப்பாட்டையும் நிறுத்தக் கூடாது. ‘வயிறு காயட்டும்’ என்று பட்டினி போடுகிற வழக்கம் எத்தனை பிள்ளைகளை வாட்டியிருக்கிறதோ. உப்புப் போட்ட கஞ்சி கொடுத்த ஆச்சிகள்தான் ஜெயித்தார்கள், காலராவுக்கு அரிசிக் கரைசல் நல்ல பலன் தருவதை ஆய்வுகளும் காட்டிவிட்டன. குழந்தைக்கு 10 முதல் 14 நாள் துத்தநாக மாத்திரையும் சேர்த்துக் கொடுப்பார்கள். கண் குழிந்து, கிள்ளிய தோல் மெதுவாக இறங்கி, பிள்ளை துவண்டு, ஒன்றுக்குப் போகாமல் இருந்தாலோ, மலத்தில் ரத்தம் கண்டாலோ, கலக்கிக்கொண்டு உட்காராதீர்கள். 108ஐக் கூப்பிடுங்கள். வழியெல்லாம் ஸ்பூனை நிறுத்த வேண்டாம்.

இனித் தண்ணீர். ஒரு வீட்டில் தொடங்கிய பேதி தெருவுக்கு எப்படிப் பரவுகிறது? நாம் தினமும் ராத்திரி செய்வதுதான்: உறை குத்துவது. ஒரு ஸ்பூன் மோர் ஒரு சட்டிப் பாலை விடிவதற்குள் தயிராக்கிவிடுகிறது. குடத்துக்குள் சொம்பை விட்டு மொள்ளும்போது விரலும் முங்குகிறது, அதுதான் உறை. தண்ணீரை எவ்வளவு காய்ச்சினாலும் அகலவாய்க் குண்டானில் வைத்துக் கையை விட்டால் பலன் இல்லை. குழாய் வைத்த பானை, குறுகிய வாய்க் குடம், அல்லது நீளப் பிடி போட்ட அகப்பை. இந்த மூன்றில் எதுவானாலும் சரி.

கலங்கல் தண்ணீரை முதலில் தெளிய விட்டு, மடித்த துணியில் வடிகட்டுங்கள். புதுத் துணியைவிடப் பழைய பருத்திப் புடவை மேல். தோய்த்துத் தோய்த்து நூல் நொய்ந்து கண் சிறுத்திருக்கும். வங்கதேசத்தின் மத்லப் பகுதியில் ரீட்டா கோல்வெல் குழுவினர் புடவையை நாலாகவும் அதற்கு மேலும் மடித்துக் குடத்தின் வாயில் கட்டச் சொன்னார்கள். அப்படிச் செய்த கிராமங்களில் காலரா 48 சதவீதம் குறைந்ததாக 2003இல் எழுதினார்கள். கிருமி அந்த நூலிழைகளுக்குள் புகுந்துபோகிற அளவுக்குச் சின்னது. ஆனால் அது குளத்துத் தண்ணீரின் நுண்ணிய பூச்சிகள்மேல் ஒட்டிக்கொண்டு திரிகிறது, பூச்சி புடவையில் மாட்டிக்கொள்கிறது! வடிகட்டியதோடு நிறுத்தாமல் காய்ச்ச வேண்டும். குமிழ் புரண்டு தளதளவென்று கொதி வந்த பிறகு ஒரு நிமிஷம். ஊட்டி, கொடைக்கானல்காரர்கள் மூன்று நிமிஷம் வைக்கட்டும், மலையில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும்.

கேஸ் இல்லாவிட்டால் குளோரின். இதை ஊற வைப்பது என்று நினைத்துக்கொள்ளுங்கள். உளுந்தை ஊறப் போட்ட ஐந்தாம் நிமிஷம் யாரும் அரைப்பதில்லை, குளோரினுக்கும் அரை மணி நேரம் கொடுத்தாக வேண்டும். கலங்கல் தண்ணீரில் போட்டால், கூட்டம் அதிகமான பந்தியில் சாம்பார் முதல் வரிசையிலேயே காலியாவது போல, குளோரின் எல்லாம் சேற்றுக்கே செலவாகிவிடும். கிருமிக்கு ஒன்றும் மிஞ்சாது. தெளிந்த தண்ணீரில் நல்ல பிளீச்சிங் பவுடர் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் என்பது பாடநூல் கணக்கு. வீட்டுக் குடத்துக்குப் பவுடர் வேண்டாம், குளோரின் மாத்திரையின் அட்டையில் போட்டிருக்கிற அளவே போதும்.

ஊர்ப் பாத்திரத்துக்கு இதைச் செய்து காட்டியது நாகப்பட்டினம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் அந்த மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பிணங்களிலிருந்து கொள்ளைநோய் கிளம்பும் என்றுதான் எல்லாரும் பயந்தார்கள். கொள்ளைநோய் வருவது உயிரோடு முகாமில் இருப்பவர்கள் குடிக்கிற தண்ணீரிலிருந்து. பொதுச் சுகாதாரத் துறைக்கு அது தெரிந்திருந்தது. முகாம்களின் தண்ணீருக்குக் குளோரின் போட்டார்கள், குழந்தைகளுக்குத் தட்டம்மை ஊசி போட்டார்கள். பெரிய தொற்று எதுவும் வெடிக்கவில்லை. குளோரின் மிச்சமிருக்கிறதா என்று பார்க்கச் சுகாதார ஆய்வாளர் வைத்திருக்கும் கருவி குளோரோஸ்கோப். ஒரு குழாயில் தண்ணீர் எடுத்து, மருந்துச் சொட்டு விட்டு, மஞ்சள் எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பார். அதிரசப் பாகைத் தண்ணீரில் சொட்டிப் பதம் பார்ப்பது போலத்தான். வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் நிற்க வேண்டும், பேரிடர் காலத்தில் 0.5. தமிழ்நாட்டில் இந்த வேலைக்குத் தனித் துறை உண்டு, 1939இலிருந்து சட்டமும் உண்டு. மற்ற பல மாநிலங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

வாங்கி வைப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பண்டிகைக்கு மட்டும் எடுக்கிற வெள்ளிக் கும்பா மாதிரி எதையும் பரணில் வைக்காதீர்கள். பிளீச்சிங் பவுடர் ஈரம் பட்டால் வீரியம் போய்ச் சுண்ணாம்புத் தூள் ஆகிவிடும். பேட்டரி கசியும். பொட்டலத்துக்கும் தேதி உண்டு. அரிசி டிரம்மில் புது அரிசியைக் கொட்டும்முன் பழசை மேலே எடுத்து வைக்கிறோம் அல்லவா, அதே வழக்கம்தான். தினசரி புழங்குகிற அலமாரியில், கண்ணுக்கு நேரே, ஐப்பசி பிறந்ததும் ஒருமுறை எடுத்துப் பார்க்கிற மாதிரி. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பட்டை தீரும் நாள்வரை காத்திருக்காமல் பத்து நாள் கைவசம் இருக்கும்போதே அடுத்ததை வாங்கிவிட வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. வெள்ளத்தில் அதைக் கொண்டுவருகிறவர்களும் வர முடியாமல் போகலாம்.

இன்சுலினுக்குக் கரண்ட் போனால் மண்பானை இருக்கிறது. பெரிய பானையில் ஈர மணல், அதற்குள் சின்னப் பானை, மேலே ஈரத்துணி, காற்றோட்டமான நிழல். மண்ணில் கசிந்த நீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. மருந்து நனையாமல் உறையில் போட்டு உள்ளே வையுங்கள். பெரும்பாலான இன்சுலின் வகைகள், திறந்த பிறகு, 30 டிகிரிக்குக் கீழே நாலு வாரம் தாங்கும். ஆனால் ஐஸுக்குள் புதைத்தால் கெட்டுவிடும்.

கரண்ட் வந்த பிறகு ஃபிரிட்ஜின் பின்பக்கத் தட்டில் தேங்கிய தண்ணீரையும் கவிழ்த்துவிடுங்கள். டெங்குக் கொசு வளர அந்தத் தண்ணீர் தாராளம், முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள்தான் ஆகும்.

தெருவுக்கென்று பெரிய திட்டம் எதுவும் வேண்டியதில்லை, கல்யாணச் சமையல் புத்தி போதும். யார் இலை போடுவது, யார் உப்பு வைப்பது, யார் தண்ணீர் என்று முதல் நாளே பேசிவைப்பார்கள் அல்லவா? எங்கள் குடியிருப்பில் 2015க்குப் பிறகு அப்படி ஒரு காகிதம் இருக்கிறது. மீட்டர் பெட்டிக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கிறோம். எந்த வீட்டில் கர்ப்பிணி, யாருக்கு டயாலிசிஸ், யார் தனியாக இருக்கிற முதியவர், யார் வீட்டில் இரண்டாவது சிலிண்டர், ஆரம்ப சுகாதார நிலையத்தின் எண், 104 மருத்துவ உதவி எண். கையால் எழுதியது, ஏனென்றால் அன்றைக்கு எல்லார் போனும் செத்துக் கிடந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அதைப் பார்த்துத்தான் மூன்று முதியவர்களை முதல் நாளே மேலே ஏற்றினோம். காகிதத்தில் இரண்டு குடும்பங்கள் வீடு மாறிப் போயிருந்தன, யாரும் திருத்தவில்லை. அது எங்கள் தப்பு.

அன்று அந்தப் பையனுக்கு மாமி ஸ்பூன் ஸ்பூனாகச் சாயங்காலம்வரை கொடுத்தார். நாலரை மணிக்கு ஒன்றுக்குப் போனான். அவன் அம்மா அழுதுவிட்டார். இப்போது ப்ளஸ் டூ படிக்கிறான்.

இன்றைக்கு அடுக்களையில் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு லிட்டர் பிடிக்கிற பாத்திரம் எது என்று அளந்து பார்த்து, மட்டம் வரும் இடத்தில் ஆணியால் ஒரு கோடு கீறி வையுங்கள். வீட்டில் உள்ள எல்லாரையும், ஆண்களையும் சேர்த்து, ஒருமுறை கலந்து ருசி பார்க்கச் சொல்லுங்கள்.